ஒன்று மட்டும் அசையட்டும்: பழவேற்காட்டுக் கரைப் பிள்ளைகளும் கையால் வரையும் அனிமேஷனும்

1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அதையே தம் விடுதியிலும் செய்ய விரும்பினார். ஆசிரியர்கள் பிடிகொடுக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்துக் காரியத்தை முடித்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. பின்னர் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது.

மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறை என்றுதான் கல்வி வரலாறு இதை நினைவில் வைத்திருக்கிறது. மணலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் பாதி வேலையைச் செய்தது மணல்தான். அச்சிட்ட எழுத்து முடிந்துபோன வடிவம். எங்கே தொடங்கினார்கள், எந்தப் பக்கம் வளைத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று அது சொல்லாது. மணலில் விரல் நகரும்போது எழுத்து ஒவ்வொரு கணமாக உருவாவதைப் பிள்ளை பார்க்கிறது. உடனே அதை அழித்துவிட்டுத் தானும் போட்டுப் பார்க்கலாம்.

கையால் வரையும் அனிமேஷனின் அடிப்படையும் இதுவே: ஒரு கோடு காலத்தில் நகர்வதைக் காட்டுவது. சிறு பிள்ளைகளின் கல்விக்கு அது எப்போது உதவுகிறது, எப்போது வெறும் வேடிக்கையாக நின்றுவிடுகிறது என்பதை ஆராய, காட்டுப்பள்ளி போன்ற ஓர் இடத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எல்லோருக்கும் பொதுவான பிள்ளை என்று ஒருவரை வைத்துப் பேசினால் பல கேள்விகள் எழாமலேயே போய்விடும்.

பார்க்கும் பிள்ளை யார்?

காட்டுப்பள்ளி, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியும். வடக்கே போனால் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு. கடந்த கால் நூற்றாண்டில் இந்தக் கரை மாறிய வேகம் அதிகம். தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்துக் குடும்பங்கள் அதற்கு முன்பே இடம் மாறின. துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்துவருகிறார்கள்.

இந்தக் கரையில் வளரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அசைவைப் பற்றி நிறையத் தெரியும். மடவை தண்ணீருக்கு மேல் துள்ளும். நண்டு பக்கவாட்டில் ஓடும். இறால் மெல்ல முன்னால் நீந்தும். மிரண்டால் வாலை மடக்கி அடித்துப் பின்னால் பாயும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். இவற்றைத் தவறாக வரைந்தால் அந்தப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். மிரண்ட இறால் முன்னோக்கிப் பாயும் கார்ட்டூனைக் கடலைக் காணாத பிள்ளை நம்பலாம். பழவேற்காட்டுப் பிள்ளை சிரிக்கும்.

ஆனால் கைப்பேசி வழியாக அந்தப் பிள்ளைக்கு வந்து சேரும் அனிமேஷனில் இந்தக் கரை கிடையாது. அதற்குப் பணமும் சந்தையும்தான் காரணம். படம் வரைவது செலவுபிடிக்கும் வேலை; செலவைத் திரும்ப எடுக்கப் பெரிய கூட்டம் தேவை; பெரிய கூட்டத்துக்காக வரையும்போது சின்ன ஊரின் அடையாளங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். ஆகவே கேள்வி இரண்டாகப் பிரிகிறது. சிறு பிள்ளை கற்க எவ்வளவு அசைவு வேண்டும்? அந்த அளவுக்கு மட்டும் வரைந்தால் செலவு எங்கே போய் நிற்கும்?

கை கற்றுத்தரும் சிக்கனம்

திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம்களாக ஓடுகிறது. ஒரு நிமிடத்துக்கு 1,440. பெரும்பாலான கைவரைப் படங்களில் ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு ஃபிரேம்களுக்கு வைத்திருப்பார்கள். அப்படியானால் நிமிடத்துக்கு 720 ஓவியங்கள். முக்கியமான நிலைகளை மூத்த ஓவியர் வரைவார். அவற்றைக் 'கீ டிராயிங்' என்பார்கள். இரண்டு கீ டிராயிங்குகளுக்கு இடையே உள்ள படிகளை நிரப்புவது இன்பிட்வீனரின் வேலை. தாளில் துளையிட்டு, அது நகராமல் பிடிக்கும் பெக் பாரில் மாட்டி, அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையான லைட் பாக்ஸ்மேல் வைத்து, முந்தைய படம் மங்கலாகத் தெரிய அடுத்ததை வரைய வேண்டும்.

இந்த வேலையை ஒரு வாரம் செய்தாலே கை சிக்கனத்தைக் கற்றுக்கொள்ளும். அசையத் தேவையில்லாததை அசைக்க எந்த ஓவியருக்கும் மனம் வராது. பேசும்போது வாய் மட்டும் அசையும், உடம்பு ஒரே படமாக நிற்கும். நடையை எட்டுப் படங்களில் வரைந்து சுழற்சியாகத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். பின்னணி ஒரே ஓவியம். கதை ஒரு முக்கியமான இடத்துக்கு வரும்போது பாத்திரம் அப்படியே நின்று பார்க்கும்; அந்த இரண்டு நொடிக்கு ஒரே ஓவியம் போதும்.

வறுமையால் வந்த இந்தப் பழக்கம் சிறு பிள்ளையின் மனத்துக்கு ஏற்றதாக அமைந்துவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். கணினியில் கிளை, மேகம், தலைமுடி, பின்னால் போகும் வண்டி எல்லாவற்றையும் ஒருசேர அசைப்பது இன்று எளிது. கூடுதல் அசைவுக்குக் கூடுதல் உழைப்பு தேவையில்லை என்றானபின் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. கையால் வரைபவரை நிறுத்தக் கை இருக்கிறது.

ஆய்வுகள் இதற்கு எவ்வளவு துணைநிற்கின்றன? பார்பரா ட்வெர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட கட்டுரை, அனிமேஷன் கற்றலுக்கு உதவுகிறது என்று சொன்ன பல ஆய்வுகளைத் திரும்பச் சோதித்தது. பல இடங்களில் அசையும் படத்தில் கூடுதல் தகவல் இருந்ததால்தான் அது வென்றிருந்தது. அசைவுக்கென்று தனி ஆதாயம் தெரியவில்லை. பயன் தர வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் என்றார்கள். கற்பிக்கும் பொருளே காலத்தில் நிகழும் ஒன்றாக இருக்க வேண்டும். பார்ப்பவர் புரிந்துகொள்ளும் வேகத்தில் அது போக வேண்டும். நீந்தும் இறாலுக்கும் எழுதப்படும் எழுத்துக்கும் முதல் நிபந்தனை பொருந்தும். மாம்பழம், நாற்காலி, கொடி ஆகியவற்றின் பெயரைச் சொல்லித்தர அசைவு தேவையில்லை. நல்ல படம் ஒன்று போதும்.

வேகத்தைப் பற்றிய ஆய்வில் பெரிதும் பேசப்பட்டது ஏஞ்சலின் லில்லார்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் 2011இல் வெளியிட்டது. நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சராசரியாக 11 நொடிக்கு ஒருமுறை காட்சி மாறும் கார்ட்டூனையும், இன்னொன்றுக்கு 34 நொடிக்கு ஒருமுறை மாறும் நிதானமான கார்ட்டூனையும் 9 நிமிடம் காட்டினார்கள். மூன்றாவது குழுவிடம் தாளும் கிரேயானும் கொடுத்து வரையச் சொன்னார்கள். உடனே வைத்த கவனச் சோதனைகளில் வேகமான படம் பார்த்தவர்கள் வரைந்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். 2015இல் லில்லார்டின் குழு மேலும் ஆராய்ந்தபோது, வேகத்தைவிட நடக்க முடியாத நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருவதே முதன்மைக் காரணமாகத் தெரிந்தது. விளைவு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் சிறு மனம் ஒன்றைப் புரிந்துகொள்ள எடுக்கும் நேரத்தைப் படம் கொடுத்தாக வேண்டும் என்பதில் இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகின்றன.

வலையைப் பார்க்கும் இரு கண்கள்

இந்தியாவில் கல்விக்கான அனிமேஷனுக்கு அடித்தளம் போட்டதில் அரசுத் துறைக்குப் பெரும் பங்கு உண்டு. டிஸ்னியில் வேலைபார்த்த கிளேர் வீக்ஸ் 1956இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து ஓவியர்களைப் பயிற்றுவித்தார். அதன் விளைவாகப் புத்த ஜாதகக் கதையான 'தி பானியன் டீர்' 1957இல் உருவானது. அந்தப் பட்டறையில் வளர்ந்தவர் ராம் மோகன். 1989இல் 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்தோடு ஆடிய கார்ட்டூன் விலங்குகளின் வழியாகத் தமிழ்ப் பிள்ளைகளும் அவர் கைவேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளைகளுக்கு மறக்காத படம் 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'. 1974இல் விஜயா முலே இயக்கிய, ஏழு நிமிட அளவிலான படம். அனிமேஷன் பீம்சேன். அக்கா தம்பிக்கு 'ஒன்று', 'பல' என்பதைச் சொல்லித்தருகிறாள். வேடன் வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றுசேர்ந்து வலையோடு பறக்கின்றன. எலிகள் வலையைக் கடித்து விடுவிக்கின்றன. கோடு எளிமை, அசைவு அளவு, பாட்டோடு ஒட்டிய எண்ணிக்கை. 'பல' என்பது சொல்லில் வரும் அதே கணத்தில் திரையிலும் பெருகுகிறது. கல்விக்கான அனிமேஷனில் இன்றும் முன்மாதிரியாக வைக்கத்தக்க வேலை.

அதே படத்தைக் காட்டுப்பள்ளியில் காட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கலாம். கதையில் வலை எதிரி. அது அறுந்தால் விடுதலை. மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு வலை அப்பாவின் சொத்து. பாறையில் சிக்கி, நண்டு கடித்து அறுந்த வலையைப் பெரியவர்கள் உட்கார்ந்து நாள் முழுவதும் பொத்துவதை அது பார்த்திருக்கும். எலி வலையைக் கடிப்பது அந்த வீட்டில் நஷ்டம். படம் சொல்லும் ஒற்றுமைப் பாடம் பிள்ளைக்குப் புரியலாம். ஆனால் அது யார் பக்கம் நிற்கும் என்பது உறுதியில்லை. ஓவியத்தின் பொருள் ஓவியத்துக்குள் மட்டும் இல்லை. பார்ப்பவர் வீட்டுத் திண்ணையிலும் பாதி இருக்கிறது.

இதைத் தெரிந்து வேலைசெய்த முயற்சிகளும் உண்டு. 1949இல் கனடாவின் அனிமேஷன் கலைஞர் நார்மன் மெக்லாரனை யுனெஸ்கோ சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக்கு அனுப்பியது. கிராமச் சுகாதாரக் கல்விக்காக உள்ளூர் ஓவியர்களுக்குச் சுவரொட்டி, ஃபிலிம் ஸ்ட்ரிப், எளிய அனிமேஷன் ஆகியவற்றைக் கற்றுத்தருவது வேலை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, கருவிகள் குறைவு. அவர் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வரவில்லை. படம் எடுப்பவர்களை உருவாக்க முயன்றார். பின்னர் 1950களின் தொடக்கத்தில் அதே நோக்கத்தோடு இந்தியாவுக்கும் வந்தார்.

1990களின் தொடக்கத்தில் யுனிசெஃப் தெற்காசியப் பெண் பிள்ளைகளுக்காக 'மீனா' தொடரை உருவாக்கியபோது, ராம் மோகன் வரைந்த உருவங்களைப் பல நாடுகளின் கிராமங்களில் காட்டி, முகம், உடை, வீடு எல்லாம் அந்தந்த மக்களுக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுக் கேட்டு மாற்றினார்கள். அனிமேஷன் இயக்குநர் நீனா சப்னானி 2009இல் எடுத்த 'டாங்கோ போலே சே' இன்னும் ஒரு படி போனது. கட்ச் பகுதிப் பெண்கள் துணியில் தைத்த உருவங்களே அசைந்தன. பேசியதும் அவர்களுடைய குரலே. குழந்தைகளுக்கென்று எடுத்த படம் அல்ல என்றாலும், ஓர் ஊரின் கைவேலையும் பேச்சும் அனிமேஷனுக்குள் நேராக நுழைய முடியும் என்று காட்டியது.

தமிழில் இன்று இருப்பவை

உலகமெங்கும் பிள்ளைகள் பார்க்கும் யூடியூப் சேனல்களில் ஒன்றான 'சூச்சூ டிவி' 2013இல் தொடங்கப்பட்டது சென்னையில்தான். கணினியில் உருவாகும், ஆங்கில ரைம்ஸை முதன்மையாகக் கொண்ட, உலகச் சந்தைக்கான படங்கள். சென்னையின் ஓவியர்களுக்குத் திறமைக் குறைவு இல்லை என்பதற்கு அதுவே சான்று. அந்தத் திறமை யாருக்காக வரைகிறது என்பதைச் சந்தை முடிவுசெய்கிறது.

புதுச்சேரியிலிருந்து வேறொரு வழி. பிரிஜ் கோத்தாரி 1996 முதல் 'பேசும் மொழியிலேயே எழுத்து' என்ற கருத்தை முன்வைத்துவந்தவர். தொலைக்காட்சியில் இந்திப் பாட்டு ஓடும்போது இந்தியிலேயே வரிகள் கீழே ஓடினால் எழுத்தறிவு வளரும் என்பது அது. 2004இல் தொடங்கிய 'புக்பாக்ஸ்' அதையே குழந்தைக் கதைகளுக்குக் கொண்டுவந்தது. படம் சிறிதளவே அசைகிறது. கீழே கதையின் வரி நிற்கிறது. குரல் படிக்கும் சொல் மட்டும் நிறம் மாறுகிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் கதைகள் வந்திருக்கின்றன. பிள்ளையின் கண்ணை எழுத்துக்கு இழுக்க அந்த நிறமாற்றம் போதும். படம் அதிகம் ஆடினால் எழுத்தை யார் பார்ப்பார்கள்? அசைவைக் குறைத்ததால் பாடம் தெளிவாகிறது.

அரசுப் பக்கத்தில் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26இல் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் பாடங்கள் அதன் வழியாகவும் போயின. 2022 ஜூன் 13இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பிரித்து, பாட்டு, பொம்மை, நடிப்பு வழியாகச் சொல்லித்தரும் திட்டம். அதன் இயல்பே சின்னச் சின்னத் துண்டுகள்தான். அரை மணி நேரப் படத்துக்கு அந்த வகுப்பறையில் இடமில்லை. ஒரு நிமிடப் படத்துக்கு உண்டு.

இறாலின் ஒரு நிமிடம்

அப்படி ஒரு நிமிடப் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பொருள், வெள்ளை இறாலின் வாழ்க்கை. தாய் இறால் கடலில் லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் பல உருவங்கள் மாறி, சில வாரங்களில் அலையோடு முகத்துவாரத்தின் வழியாக ஏரிக்குள் வரும். அலையடங்கிய உவர்நீரில் சில மாதங்கள் வளரும். பிறகு முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இந்தப் போக்குவரத்தும் அடைபடும். பெரியவர்கள் ஏன் முகத்துவாரத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள் என்பது பிள்ளைக்குப் புரிய இதைவிட நேரான வழி இல்லை. கண்ணுக்குத் தெரியாததும் மாதக்கணக்கில் நடப்பதும் அசைவுப்படத்துக்கே உரிய பொருள்கள்.

கணக்கைப் போடுவோம். கடல், முகத்துவாரம், ஏரி என்று மூன்று பின்னணிகள். தண்ணீர் விளிம்பு அசைய நான்கு படங்களின் சுழற்சி. முட்டை குஞ்சாகி உருமாற 24 படங்கள். குஞ்சு மிதக்க 6. இளம் இறால் நீந்த 8. வளர்ந்தது நீந்த 8. மிரண்டு பின்னால் பாய 6. கடைசியில் ஒரு வீச்சு வலைக்கு 12. ஆக 71 ஓவியங்கள். முழு அசைவுக்கான 720இல் இது பத்தில் ஒரு பங்கு. மீதி நேரம் சுழற்சியும் நிறுத்தமும்.

அந்த 12 படங்களில் இருக்கும் வேலையைப் பாருங்கள். வலை வீசுபவர் மடித்த வலையில் ஒரு பகுதியை முழங்கையிலும் தோளிலும் போட்டுக்கொண்டு, உடம்பை ஒருபக்கம் திருப்பி நிற்கிறார்: முதல் கீ டிராயிங். இடுப்பு முதலில் திரும்பும், தோள் பின்னால் வரும், கை கடைசியில் வரும். வலை கையைவிட்டுப் பிரியும்போது இன்னும் சுருண்டே இருக்கும். நடுவானில்தான் ஈயக்குண்டுகள் விளிம்பை வெளியே இழுத்து வட்டமாக விரிக்கும். வட்டம் முழுமையாகும் அந்த ஒரு படத்தை அரை நொடி நிறுத்தினால் போதும். பிள்ளை வட்டம் என்ற வடிவத்தை மறக்காது. பிறகு விளிம்பு முழுவதும் ஒரே சமயத்தில் தண்ணீரைத் தொட வேண்டும். ஒருபக்கம் முன்னால் விழுந்தால் அது சரியாக வீசாத வலை. கரையில் இருக்கும் எந்தப் பிள்ளையும் அதைச் சொல்லிவிடும்.

இந்தத் துல்லியம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து கிடைக்காது. வலை வீசுபவரைக் கைப்பேசியில் படம்பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்து, பின்பு அதிலிருந்து 12 நிலைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் நகலெடுத்தால் படம் உயிரற்றுப் போகும். தேர்வுதான் ஓவியரின் அறிவு.

மணலும் கண்ணாடியும்

எழுத்துக்கு வருவோம். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளிலிருந்து தொடங்கி வளைவுகளுக்குப் போகும் முறை தமிழ் கற்பித்தலில் உண்டு. 'ட'வை மேலிருந்து கீழிறக்கி வலப்பக்கம் இழுப்பதை எட்டுப் படங்களில் காட்டிவிடலாம். அதைக் காட்ட ஏற்ற பொருள், அந்தக் கரையில் எங்கும் கிடைக்கும் மணல். கீழே விளக்கு வைத்த கண்ணாடிமேல் மெல்லிய மணலைப் பரப்பி, விரலால் சிறிது விலக்கி, மேலிருக்கும் கேமராவில் ஒரு ஃபிரேம் எடுத்து, மறுபடி விலக்கி, மறுபடி எடுக்க வேண்டும். மணல் விலகிய இடத்தில் ஒளி கோடாகத் தெரியும். கரோலின் லீஃப் என்ற கலைஞர் 1969இல் மாணவியாக இருந்தபோதே இந்த முறையில் படம் எடுத்தார். பின்னர் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் இதைப் பெரிய கலையாக வளர்த்தார். தேவைப்படுபவை கண்ணாடி, விளக்கு, கைப்பேசி, அதை ஆடாமல் பிடிக்கும் தாங்கி. தாளில் வரைபவர்களுக்குப் பென்சில்டூடி, கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

மணல் முறையில் இன்னொரு நன்மை. படம் முடிந்ததும் பிள்ளை அதையே செய்ய முடியும். திரையில் பார்த்ததும் கையில் கிடைப்பதும் ஒரே பொருள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் திரையிலிருந்து கற்பது நேரில் ஒருவர் செய்துகாட்டும்போது கற்பதைவிடக் குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டேனியல் ஆண்டர்சனும் டிஃபனி பெம்பெக்கும் 2005இல் இந்த இடைவெளியைத் தொகுத்துக் காட்டினார்கள். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும், குறைந்தால் நல்லது என்றது உலகச் சுகாதார அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆகவே சிறு பிள்ளைக்கான நல்ல அனிமேஷன் சீக்கிரம் முடிய வேண்டும். முடிந்தபின் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

சுருக்கமாக இருந்தால் திரும்பத் திரும்பக் காட்டலாம். அமெரிக்காவின் 'புளூஸ் க்ளூஸ்' தொடர் ஒரே அத்தியாயத்தை ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பியது. ஆய்வு செய்தபோது, நாள் போகப் போகப் பிள்ளைகள் சலிப்படையவில்லை. புரிதல் கூடியது, திரையைப் பார்த்துப் பதில் சொல்வது அதிகமானது. பெரியவர்களுக்குத்தான் புதியது வேண்டும்.

படம் வேலைசெய்கிறதா என்று சோதிக்கவும் பெரிய ஏற்பாடு தேவையில்லை. 1969இல் அமெரிக்கச் சிறுவர் தொடரான 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்குவதற்கு முன் ஆய்வாளர் எட்வர்ட் பால்மர் ஓர் எளிய முறையைக் கையாண்டார். பிள்ளைக்கு முன்னால் தொலைக்காட்சி. பக்கத்தில் ஏழரை நொடிக்கு ஒருமுறை மாறும் ஸ்லைடு படங்கள். பிள்ளையின் கண் எப்போது திரையை விட்டு விலகுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். விலகிய இடங்களைத் திருத்தினார்கள். அங்கன்வாடியில் இதற்கு ஸ்லைடுகூட வேண்டாம், ஜன்னல் போதும். வண்ணம் தீட்டும் முன்பே, பென்சில் டெஸ்ட் நிலையில் இதைச் செய்தால் செலவும் மிச்சம். எந்த இடத்தில் பிள்ளை பேசத் தொடங்குகிறது என்பதையும் குறிக்க வேண்டும். கண் விலகுவது குறை. வாய் திறப்பது வெற்றி.

யார் வரைய வேண்டும்?

காட்டுப்பள்ளிக்கென்று தனிப்படம் எடுப்பது ஆடம்பரமாகத் தோன்றலாம். மாநிலம் முழுவதற்கும் ஒரே படம் எடுத்தால் செலவு பங்கிடப்படும் என்பது நிர்வாகத்தின் நியாயம். எழுத்து, எண் போன்ற பொதுப் பாடங்களுக்கு அது சரி. ஆனால் 71 ஓவியங்களில் ஒரு நிமிடம் என்றால் கணக்கு மாறுகிறது. அந்த அளவு வேலையை வரையத் தெரிந்த ஆசிரியர் ஒருவரும் இரண்டு மூன்று கல்லூரி மாணவர்களும் சேர்ந்து முடிக்கலாம். ஆசிரியர் பயிற்சிக்கென்று மாவட்ட அளவில் அரசு நிறுவனங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு லைட் பாக்ஸும் ஒரு கேமராத் தாங்கியும் அங்கே வைத்தால், பழவேற்காட்டுக்கு இறாலும், ஜவ்வாது மலைக்குத் தினையும், தஞ்சைக்கு நாற்றும் அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே நகரும்.

உள்ளூர் என்பதற்காக எதையும் வரையலாம் என்று பொருளில்லை. தோணி, பனை, பூநாரை என்று அழகான படங்களாக அடுக்கினால் அது சுற்றுலாத் துறையின் விளம்பரம் ஆகிவிடும். பிள்ளை பார்ப்பதில் துறைமுகக் கிரேன்களும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் உண்டு. அவற்றை விட்டுவிட்டு வரைந்த கரை அந்தப் பிள்ளையின் கரையாக இருக்காது. அதேபோல், மீனவர் பிள்ளைக்கு மீனைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்று நினைப்பதும் தவறு. தெரிந்த அசைவிலிருந்து தொடங்கினால் தெரியாத இடத்துக்குத் துணிந்து கூட்டிப்போகலாம். வலையின் வட்டத்திலிருந்து நிலவின் வட்டத்துக்கும், முகத்துவாரத்தின் ஓதத்திலிருந்து நிலவின் ஈர்ப்புக்கும் ஒரு படத்தின் தூரம்தான்.

சிறு பிள்ளைகளுக்கான அனிமேஷனுக்கு நம்மிடம் குறைவது கருவியோ திறமையோ இல்லை. குறைவாக வரையும் துணிவும், வரைவதற்கு முன் போய்ப் பார்க்கும் பொறுமையும்தான். கல்வித் துறை இதற்கான நிதியைப் படத்தின் நீளத்தை வைத்தோ பளபளப்பை வைத்தோ ஒதுக்கக் கூடாது. படம் முடிந்தபின் பிள்ளைகளின் கை என்ன செய்கிறது என்பதை அளவுகோலாக வைத்தால், ஒரு நிமிடப் படங்கள் நூறு வருவதற்கு அதிக காலம் பிடிக்காது.